குலுக்கிப் போட்ட ஹைரூல் – ராண்டமைசர் பிறந்த கதை

ஒரு வீடியோ கேமை பத்து தடவை முடித்தாகிவிட்டது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எந்தச் சுவரில் குண்டு வைத்தால் வழி திறக்கும், எந்த பாஸுக்கு எங்கே அடித்தால் வலிக்கும், எல்லாம் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். ஆனால் அந்த கேமை முதல் தடவை விளையாடியபோது வந்த பயமும் ஆவலும் இப்போது சுத்தமாக இல்லை. என்ன செய்யலாம்? மூளையிலிருந்து அந்த ஞாபகத்தை அழிக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால் சில பேர் குறுக்கே யோசித்தார்கள். ஞாபகத்தை அழிக்க முடியாவிட்டால் என்ன, கேமையே குலுக்கிப் போட்டுவிட்டால் போச்சு!

இதுதான் மக்களே ராண்டமைசர். கேமின் ரோம் ஃபைலை எடுத்து, அதில் உள்ள பொருட்கள், எதிரிகள், கதவுகள், கடைச் சரக்கு என்று எதை வேண்டுமானாலும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து மறுபடி அடுக்கும் ஒரு சின்ன புரோகிராம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று பாட்டி சொல்வாரே, அதை முறைப்படி, கணக்குப் போட்டுச் செய்வது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு எண் உண்டு, அதற்கு சீட் என்று பெயர். அதே எண்ணையும் அதே அமைப்புகளையும் கொடுத்தால் அதே குலுக்கல் வரும். இந்த எண் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேமில் தற்செயலைக் கலப்பது புது யோசனை ஒன்றும் இல்லை. 1980-லேயே ரோக் என்ற கேம் வந்துவிட்டது. மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு கலிஃபோர்னியா மாணவர்கள் ஆரம்பித்தது, பிறகு கென் ஆர்னால்ட் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு முறை விளையாடும்போதும் சுரங்கம் புதிதாக உருவாகும். ஆனால் ரோக் வேறு, ராண்டமைசர் வேறு என்பது என் கட்சி. ரோக்கில் மனப்பாடம் செய்ய ஒன்றுமே கிடையாது. ராண்டமைசரில் நீங்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருப்பதைத்தான் கலைக்கிறார்கள். தெரியாத ஊரில் வழி தப்புவதற்கும், ஒரே ராத்திரியில் சொந்த வீட்டு அறைகளை யாரோ இடம் மாற்றிவிட்டுப் போனதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, அது.

அந்த வகையில் பார்த்தால் இதற்கு நெருங்கிய சொந்தம் 1986-ல் வந்த முதல் செல்டா கேம்தான். அதை முடித்தால் இரண்டாவது சுற்று ஒன்று திறக்கும். அதே நிலம், ஆனால் நிலவறைகள் இடம் மாறியிருக்கும், உள்ளே அமைப்பும் மாறியிருக்கும். (முதல் சுற்றை முடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் பெயர் கேட்கும் இடத்தில் செல்டா என்று அடித்தால் நேராக இரண்டாவது சுற்று வந்துவிடும்!) நின்டெண்டோ கையால் ஒரே ஒரு தடவை கலைத்துக் கொடுத்ததை, ரசிகர்கள் பிறகு கோடிக்கணக்கான தடவை கலைக்கும்படி செய்தார்கள்.

நிறையப் பேருக்கு ராண்டமைசர் என்ற வார்த்தையை அறிமுகப்படுத்தியது போக்கிமான். 2010களின் முதல் பாதியில் யுனிவர்சல் போக்கிமான் ராண்டமைசர் என்ற புரோகிராம் பரவியது. அசல் கேமில் முதல் பாதையின் புல்லில் கால் வைத்தால் வருவது ஒரு புறாக்குஞ்சு அல்லது ஒரு எலி. குலுக்கிய கேமில் அதே புல்லிலிருந்து மியூடூ எழுந்து வந்து உங்கள் பச்சைக்குழந்தைப் போக்கிமானை ஒரே அடியில் சாய்க்கும். இது சிரிப்பு. ஆனால் நான்கு தடவைக்கு மேல் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். அதனால்தான் ஏறக்குறைய சம பலமுள்ள போக்கிமானாகப் பார்த்து மாற்று என்று ஒரு வசதியும் அதில் உண்டு. இன்னொரு வேடிக்கை, ஒண்டர் கார்டு என்ற திறமைக்கென்றே தனியாக ஒரு டிக் பெட்டி வைத்திருப்பது. இந்தத் திறமை அசலில் ஷெடின்ஜா என்ற ஒரே போக்கிமானுக்குத்தான் உண்டு. பலவீனமான வகையைத் தவிர வேறு எந்தத் தாக்குதலும் படாது. அதற்கு ஈடாக ஷெடின்ஜாவின் உயிர் வெறும் 1. இதே திறமை குலுக்கலில் பலவீனமே இல்லாத ஒரு போக்கிமானுக்குப் போய்ச் சேர்ந்தால்? கிட்டத்தட்ட அழிக்கவே முடியாத அசுரன். கேமை வடிவமைத்தவர்கள் ஒரு திறமைக்கும் ஒரு உடம்புக்கும் ஏன் முடிச்சுப் போட்டார்கள் என்பது அந்த முடிச்சை அவிழ்த்த பிறகுதான் புரிகிறது.

2014 பிப்ரவரியில் டிவிட்ச் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பட்டன் பெயர்களைத் தட்டி போக்கிமான் ரெட்டை விளையாடினார்கள். அந்தக் கூத்து 16 நாள் ஓடி முடிந்தது. அந்தக் குழப்பம் போதாது என்று அதே ஆண்டு ஃபயர்ரெட் கேமைக் குலுக்கிவிட்டு விளையாடினார்கள். குரங்கு கள் குடித்து, தேளும் கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படி.

சரி, இப்போது முக்கியமான மேட்டருக்கு வருவோம். போக்கிமானில் குலுக்கல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பெரும்பாலும் எப்படியோ முன்னேறிவிடலாம். ஆனால் 1994-ல் வந்த சூப்பர் மெட்ராய்டு, 1991-ல் ஜப்பானில் வந்த செல்டா: எ லிங்க் டு த பாஸ்ட் மாதிரி கேம்கள் வேறு ஜாதி. இவற்றில் ஒவ்வொரு பொருளும் ஒரு சாவி. சுத்தியல் இருந்தால்தான் முளையை அடித்து இறக்கி அந்தப் பக்கம் போக முடியும். நிலா முத்து இல்லாமல் இருள் உலகத்துக்குப் போனால் ஹீரோ லிங்க் வாளைக்கூட வீச முடியாத முயலாகிவிடுவான். அப்படியிருக்க, பொருட்களைக் கண்ணை மூடிக்கொண்டு கலைத்தால் என்ன ஆகும்? பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். மூன்று மணி நேரம் தேடிவிட்டு, இந்த கேமை முடிக்கவே முடியாது என்று கண்டுபிடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதனால் ராண்டமைசரின் உண்மையான வரலாறு கலைப்பதன் வரலாறு இல்லை. கலைத்ததை முடிக்கக்கூடியதாக வைத்திருப்பதன் வரலாறு. இதை லாஜிக் என்று சொல்கிறார்கள். எந்த இடத்துக்குப் போக எந்தெந்தப் பொருள் வேண்டும் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி எழுதவேண்டும். லிங்க் டு த பாஸ்ட் ராண்டமைசரில் பொருள் இருக்கும் இடங்கள் மட்டும் 216. சூப்பர் மெட்ராய்டில் 100. ஒரு விதி தப்பினால் போதும், எங்கேயோ ஒருவன் அடைக்கப்பட்ட கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவான்.

விதிகள் தயார். பொருட்களை எப்படி அடுக்குவது? முதலில் தோன்றும் வழி, ஆரம்பத்திலிருந்து போவது. இப்போது எட்டும் இடத்தில் ஒரு சாவி வை, அது திறக்கும் இடத்தில் அடுத்ததை வை. ஆனால் இப்படிச் செய்தால் முக்கியமான பொருட்களெல்லாம் ஆரம்ப இடங்களிலேயே குவிந்துவிடும், கடைசி நிலவறைகளில் வெறும் சில்லறைக் காசும் அம்பும்தான் மிஞ்சும். இதற்கு மாற்றாக வந்தது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். தலைகீழாகப் போவது! ஆட்டக்காரர் கையில் எல்லாப் பொருளும் இருப்பதாக வைத்துக்கொள். அதிலிருந்து ஒன்றை, சுத்தியல் என்று வைத்துக்கொள்வோம், பிடுங்கு. சுத்தியல் இல்லாமல், மீதி எல்லாம் இருந்தால் எங்கெல்லாம் போகமுடியும்? அந்த இடங்களில் ஏதோ ஒன்றில் சுத்தியலை வை. அடுத்து முத்தைப் பிடுங்கு. இப்படியே கை காலியாகும்வரை. ஒரு பொருளும் தன்னைத் தானே பூட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை. அதே நேரம் முக்கியமான பொருள் உலகத்தின் எந்த மூலையிலும் போய் உட்காரலாம். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் கிராஃப் பாடத்துக்கு இதை உதாரணமாகச் சொன்னால் பாதிப் பேர் தூங்கமாட்டார்கள் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு கணக்கும் போட்டு வரும் கேம் விளையாடும்போது எப்படி இருக்கும்? செம காமெடியாக இருக்கும். அசலில் ஜோரா ராஜா என்ற பேராசைக்கார மீன் 500 ரூபீ வாங்கிக்கொண்டு நீச்சல் துடுப்பு தரும். (செல்டா உலகத்துப் பணத்தின் பெயரும் நம் ரூபாயின் ஆங்கில எழுத்தும் ஒன்றேதான்.) குலுக்கிய கேமில் அந்த 500-ஐ சேர்க்க நாய் படாத பாடு பட்டு, ராஜாவிடம் கொடுத்தால், அது 20 ரூபீ திருப்பித் தரும். கொஞ்சம் அதிர்ஷ்டம் கெட்டவர் என்றால் 1 ரூபீ. அதற்காக ராஜாவைப் பார்க்காமல் போகவும் முடியாது. கேமை முடிக்கத் தேவையான ஒரே பொருள் அங்கேதான் இருந்து தொலைக்கலாம். கிராமத்தில் படுத்திருக்கும் நோயாளிப் பையன், பாட்டில் இருந்தால்தான் அசலில் பூச்சி வலை தருவான். இங்கே அவன் தலையணைக்கடியில் உலகத்தைக் காப்பாற்றும் முத்து இருக்கலாம். அசலில் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத மூலைகளுக்கெல்லாம் இப்படி மரியாதை வந்துவிட்டது.

2016-க்குப் பிறகு இந்த செல்டா ராண்டமைசர் பந்தயமாகவே மாறியது. முன்பு சொன்ன சீட் எண் இங்கேதான் உதவுகிறது. எல்லோருக்கும் ஒரே குலுக்கல், யாருக்கும் எது எங்கே என்று தெரியாது, யார் முதலில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். எல்லோரும் ஒரே குலுக்கலைத்தான் விளையாடுகிறார்களா என்று சரிபார்க்க முதல் திரையில் ஐந்து சின்னப் படங்கள் வரும். பூமரங், காளான் என்கிற மாதிரி. வரிசை ஒத்துப்போனால் ஓடலாம். ஸ்பீட்ரன் என்று கேமை அதிவேகமாக முடிப்பவர்கள் ஒரே பாதையை ஆயிரம் தடவை பயிற்சி செய்வார்கள். இங்கே அந்தப் பாதையே கிடையாது. கைவேகம் மட்டும் பத்தாது, இந்த நிலவறைக்குள் இப்போது நுழைவதா வேண்டாமா என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். முடிக்கத் தேவையானது எல்லாம் கைக்கு வந்துவிட்டால் அந்த நிலைக்கு கோ மோடு என்று பெயர். இனி தேட ஒன்றுமில்லை, ஓட்டம்தான். 2010-ல் தொடங்கிய கேம்ஸ் டன் குவிக் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளிலும் ராண்டமைசர் ஓட்டங்கள் இடம்பிடித்தன.

இதில் ஒரு பழைய சண்டை உண்டு. அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா? ஒருவர் இடது பக்கம் போய் முதல் பெட்டியிலேயே முத்தை எடுக்கிறார், இன்னொருவர் நியாயமாக யோசித்து வலது பக்கம் போய் தோற்கிறார். நியாயமா? ஒரு பந்தயத்தை மட்டும் பார்த்தால் நியாயமில்லைதான். ஆனால் சீட்டாட்டத்தில் வருகிற சீட்டு நம் கையில் இல்லாவிட்டாலும் நல்ல ஆட்டக்காரர் யார் என்று பத்து ஆட்டத்தில் தெரிந்துவிடுகிறதல்லவா? இதுவும் அப்படித்தான். தோற்றவர் ஒரு முத்தை நான் எப்படி ஊகித்திருக்க முடியும் என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை.

குலுக்கல் பைத்தியம் முற்றியபோது வந்தது மேலே சொன்ன இரண்டு கேம்களையும் ஒன்றாக ஒட்டவைத்த ராண்டமைசர். 216-ம் 100-ம் சேர்த்து 316 இடங்கள். ஹைரூலில் ஜோசியக்காரர் வீட்டுக் கதவைத் திறந்தால் நீங்கள் நிற்பது வேற்றுக் கிரகத்தில், கையில் துப்பாக்கியோடு! லிங்கின் வாள் செபஸ் கிரகத்தின் எரிமலைக்குள் இருக்கும், சாமஸின் ஏவுகணைகள் ஹைரூலின் கோழிக்காரக் கிராமத்தில் கிடைக்கும். இரண்டு வெவ்வேறு கேம்களின் புரோகிராமை ஒரே ரோமுக்குள் திணித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வைத்தது சாதாரண வேலை இல்லை. காசு வாங்காமல், அசல் சோர்ஸ் கோடு இல்லாமல், பைட் பைட்டாகப் படித்துத் தெரிந்துகொண்டு செய்த வேலை.

சட்டச் சிக்கல் வராதா என்று கேட்கலாம். கேமின் உரிமை நிறுவனத்துடையது, ரோமை விநியோகித்தால் வம்புதான். அதனால் ராண்டமைசர் செய்பவர்கள் ரோமைத் தருவதில்லை. உங்கள் ரோமை நீங்களே கொண்டுவாருங்கள், அதில் எங்கே எதை மாற்றவேண்டும் என்ற பேட்சை மட்டும் நாங்கள் தருகிறோம் என்பது ஏற்பாடு. மெல்லிய கோட்டின் மேல் நடை. அந்தக் கோடு அறுந்தால் இத்தனை வருட உழைப்பும் காணாமல் போகும் என்ற பயம் இல்லாமல் இல்லை. இன்னொரு பக்கம், சில நிறுவனங்கள் இதைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டன. 2019-ல் வந்த பிளட்ஸ்டெய்ன்ட்: ரிச்சுவல் ஆஃப் த நைட் கேமில் 2020-ல் ராண்டமைசர் ஒரு அதிகாரபூர்வ மோடாகவே சேர்க்கப்பட்டது. ரசிகர்கள் திண்ணையில் செய்ததை ஹோட்டல் மெனுவில் போட்ட மாதிரி. எல்டன் ரிங் 2022-ல் வந்ததும் அதற்கும் ரசிகர்கள் ராண்டமைசர் செய்து, கடைசியில் வரவேண்டிய பூதங்களை வாசலிலேயே நிற்கவைத்தார்கள்.

இந்தக் கதையில் நான் பார்த்தவரை உச்சம் ஆர்க்கிபெலகோ. லிங்க் டு த பாஸ்ட்டைப் பல பேர் சேர்ந்து விளையாடும் முயற்சியிலிருந்து வளர்ந்தது. இதில் ஆளுக்கொரு கேம். நீங்கள் செல்டா, நான் ஸ்டார்டியூ வேலி, இன்னொருவர் ஃபேக்டோரியோ, நான்காமவர் 1993-ன் டூம். எல்லாக் கேமின் பொருட்களும் ஒரே பையில் போட்டுக் குலுக்கப்படும். உங்கள் சுத்தியல் நான் பிடிக்கவேண்டிய ஒரு மீனிடம் இருக்கலாம். நான் மீன் பிடித்த அந்த நொடியில் உங்கள் திரையில் சுத்தியல் வந்து விழும். அதுவரை? நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். திறக்கக்கூடிய பெட்டி ஒன்றுகூட பாக்கியில்லாமல், மற்றவர் தயவுக்குக் காத்திருக்கும் இந்த நிலைக்கு ஒரு பெயரே உண்டு, பிகே மோடு. பிகே என்றால் பர்கர் கிங். முன்பொரு பந்தியில் இப்படி மாட்டிக்கொண்ட ஒருவர், சரி அதுவரை சாப்பிட்டாவது வரலாம் என்று பர்கர் கிங்குக்குக் கிளம்பிப் போனாராம். சாவகாசமாகத் திரும்பி வந்து பார்த்தபோதும் அவருக்கான பொருளை யாரும் எடுத்திருக்கவில்லையாம்.