டூட்டி பேட்ரியாட்ஸ்

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட்டில் 2016 முதல் 2019 வரை தூத்துக்குடியின் பெயரில் ஆடிய அணி. உரிமையாளர் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து ‘ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ்’ என்று அழைக்கப்பட்டது. முத்துக்குளித்துறையின் பெயரைச் சுமந்தாலும், துறைமுக நகரில் ஒரு லீக் ஆட்டம்கூட நடந்ததில்லை. சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகர் ஆகிய மைதானங்களிலேயே அணி ஆடியது. ஊர் ரசிகர்களுக்கு அருகில் இருந்தது சங்கர் நகர்தான். அதுவும் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலைக் குடியிருப்புக்குள் அமைந்த மைதானம்.

முதல் பருவத்திலேயே கோப்பை கைக்கு வந்தது. 2016 இறுதியாட்டத்தில் 2 விக்கெட் இழப்புக்கு 215 ரன் குவித்து, சேப்பாக் சூப்பர் கில்லீஸை 93 ரன்னில் சுருட்டியது. கௌஷிக் காந்தி, அபினவ் முகுந்த், தினேஷ் கார்த்திக் மூவரும் அரைசதம் அடித்தனர். 122 ரன் வித்தியாசம் என்பது இருபது ஓவர் ஆட்டத்தில் இறுதிப் போட்டி என்றே சொல்ல முடியாத அளவுக்கு ஒருதலைப்பட்சம். மறு ஆண்டு அதே எதிரணியிடம் இறுதியில் தோற்றது. ஆனால் அந்தப் பருவம் வாஷிங்டன் சுந்தருடையது: தொடக்க ஆட்டக்காரராக 459 ரன், சுழற்பந்தில் 15 விக்கெட். டிசம்பரிலேயே இந்திய அணிக்காக அறிமுகமானார்.

அடுத்த இரு பருவங்களில் கோப்பை கிட்டவில்லை. 2020 போட்டி கொரோனாவால் நின்றது. 2021இல் அணி சேலம் ஸ்பார்டன்ஸ் எனப் பெயர் மாறியது. நிறுவன அணிகளில் ஊர்ப்பெயர் இப்படி எளிதில் கழன்றுவிடும். அதே ஆண்டு, காஞ்சி வீரன்ஸாக இருந்த அணி நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது.