போர்க்கால இசைப்படமும் இளஞ்சுவைஞரும்: 'ஹரிதாஸ்' (1944)

முன்னுரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிவந்த இசைப்படங்களைப் போரின் துயரை மறக்கச் செய்த பொழுதுபோக்கு என்று மட்டும் மதிப்பிடுவது வழக்கமாக உள்ளது. அம்மதிப்பீடு அப்படங்களின் சுவைஞரைக் கணக்கில் கொள்வதில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படத்தை முன்வைத்து, இளஞ்சுவைஞரின் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு நகரங்கள், ஒரே வாரம்

1943-இல் வெளிவந்த 'ஹையர் அண்ட் ஹையர்' என்னும் ஹாலிவுட் இசை நகைச்சுவைப் படம், பாடகர் ஃபிராங்க் சினாட்ராவை நடிகராக அறிமுகப்படுத்தியது. 1944 அக்டோபர் 12 அன்று நியூயார்க் பாரமவுண்ட் அரங்கில் அவர் பாடியபோது பதின்பருவப் பெண்கள் பல்லாயிரவர் தெருவில் திரண்டனர். அதற்கு நான்கு நாள் கழித்து, அக்டோபர் 16, தீபாவளியன்று, 'ஹரிதாஸ்' வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாத இவ்விரு திரள்களையும் ஈர்த்தது பாடகரின் குரலே ஆகும்.

படச்சுருள் தட்டுப்பாடு

போரினால் படச்சுருள் இறக்குமதி குறைந்தது. 1942-இல் முழுநீளப் படங்களின் நீளத்தை 11,000 அடியாக அரசு வரையறுத்தது. 1943-இல் பம்பாயில் இயங்கிய 'இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா' எடுத்த அரசுச் செய்திப்படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டவேண்டியதாயிற்று. பாகவதரின் முதற்படமான 'பவளக்கொடி' (1934) 50 பாடல்கள் கொண்டது. 'ஹரிதாஸ்' படத்திலோ அதில் பாதிக்கும் குறைவான பாடல்களே உள்ளன. பாடல் எண்ணிக்கை முன்னரே குறைந்துவந்தது எனினும், அடிக்கணக்கு அப்போக்கை விரைவுபடுத்தியது எனலாம். எண்ணிக்கை குறைந்த நிலையில், ஒவ்வொரு பாடலும் தனித்து நினைவில் நிற்கும் தகுதியைப் பெற்றது. பாபநாசம் சிவனின் பாடல்களும் ஜி. இராமநாதனின் பின்னணி இசையும் இதற்குத் துணைநின்றன.

மராட்டிய மரபின் தொடர்பு

பெற்றோரைப் புறக்கணித்துப் பொருளையும் காலையும் இழந்த ஒருவன், திருந்திப் பெற்றோர் பணியே இறைபணி எனக் கொள்வது இப்படத்தின் கதையாகும். இது பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையை ஒத்தது. இயக்குநர் சுந்தர்ராவ் நட்கர்ணி பம்பாய் மௌனப்படங்களில் பயின்றவர். எனவே 'ஹரிதாஸ்' மராட்டிய பக்தி மரபும் தமிழிசையும் கலந்த ஆக்கமாகிறது. இக்கதையின் முற்பகுதியிலுள்ள ஆடம்பர இளைஞனே அக்கால இளைஞரைக் கவர்ந்தான் என்பது நோக்கத்தக்கது. தோள்வரை வளர்த்து வாரிய 'பாகவதர் கிராப்பு' ஊர்தோறும் பரவியது. அறங்கூறும் படத்திலிருந்து அறத்தைவிட அழகையே இளையோர் முதலில் எடுத்துக்கொண்டனர் எனக் கருத இடமுண்டு.

சுவைஞரின் பற்றும் அதன் எல்லையும்

1944 நவம்பரில் நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை தொடர்பாகப் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945-இல் இருவரும் தண்டனை பெற்றனர். எனினும் சென்னை பிராட்வே திரையரங்கில் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நாயகன் சிறையிலிருக்க, அவன் குரலைக் கேட்கக் கூட்டம் வந்துகொண்டேயிருந்தது. 1947-இல் பாகவதர் விடுதலையானார். ஆனால் 1948-இல் வந்த 'ராஜமுக்தி' தோல்வியுற்றது. சினாட்ரா தம் வீழ்ச்சிக்குப்பின் 1953-இல் நடிப்பால் மீண்டெழுந்தார். பாகவதருக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. அவர் 1959-இல் மறைந்தார். வசனமே முதன்மை பெற்ற புதிய திரைப்படம் அதற்குள் இளையோரை ஈர்த்திருந்தது.

முடிவுரை

இளஞ்சுவைஞர் சங்கப் பதிவேடுகளையோ தீர்மானங்களையோ விட்டுச்செல்லவில்லை. வாரிய முடியும், முணுமுணுத்த பாடலும், மீண்டும் மீண்டும் வாங்கிய நுழைவுச்சீட்டுமே அவர்கள் விட்டுச்சென்ற சான்றுகள். பாகவதர் சிறையிலிருந்த ஆண்டுகளில் அவர் புகழைக் காத்தவர்களும், அவர் மீண்டபின் வேறு சுவைக்கு நகர்ந்தவர்களும் அவர்களே. ஆதலின் போர்க்காலத் தமிழ்த்திரை வரலாறு அரசாணைகளோடும் கலைஞர் வாழ்க்கையோடும் நின்றுவிடாமல், அரங்கில் அமர்ந்திருந்தோரையும் உள்ளடக்கி எழுதப்படுதல் வேண்டும்.