மலாக்காவை அரசாக்கிய வணிகமும் பேராக்கின் ஈயமும்

நாம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், ரப்பர் காலத்தில் என்பார்கள். நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது உண்மைதான். ஆனால் தமிழ் முஸ்லிம்கள் இக்கரையில் கால் வைத்த வரலாறு, 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்படுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிவிட்டது.

1400-ஆம் ஆண்டையொட்டி பரமேஸ்வரா மலாக்காவை நிறுவினார். ஊருக்குப் போதுமான நெல் அங்கே விளையவில்லை. சாவகத்திலிருந்தும் சயாமிலிருந்தும் பெகுவிலிருந்தும் அரிசி வந்தது. ஆனால் காற்று துணை நின்றது. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வந்தன. வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்கள் வந்தன. காற்று திரும்பும்வரை வணிகர்கள் பல மாதம் தங்க வேண்டும். சரக்கு வைக்கக் கிடங்கும், உயிருக்குக் காவலும், வழக்கைத் தீர்க்க ஆளும் தேவைப்பட்டன. அந்தத் தேவைகளைச் சுற்றித்தான் ஓர் அரசே எழுந்தது.

இதே கடலின் மறுகரையில், ஆப்பிரிக்காவின் கில்வா நகரமும் இப்படித்தான் உயர்ந்தது. சொஃபாலாவின் தங்கம் அதன் வழியாகக் கடலேறியது. 1331-இல் அங்கே சென்ற இப்னு பதூதா அந்நகரின் அழகைப் புகழ்ந்திருக்கிறார்.

மலாக்காவின் பலம் அதன் ஒழுங்கில் இருந்தது. நான்கு ஷாபந்தர்கள் நியமிக்கப்பட்டனர். குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர் இருந்தார். தமிழகக் கரையினர், வங்காளிகள், பெகு நாட்டார், பாசாய் நாட்டாருக்கு மற்றொருவர். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி. கப்பல் வந்ததும் பத்து இருபது வணிகர்கள் கூடி, சரக்குக்காரர் முன்னிலையில் விலை பேசி, தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்வார்கள். 1512-இல் மலாக்கா வந்த போர்த்துக்கீசியரான தோமே பிரஸ் இவற்றையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அங்கே 84 மொழிகள் பேசப்பட்டன என்பதும் அவர் கணக்கே.

இந்த ஒழுங்கில் நம் முன்னோர் சந்தையோடு நின்றுவிடவில்லை. தமிழகக் கரையிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவர் மலாக்கா பிரபு குடும்பத்தில் பெண் எடுத்தார் என்கிறது ‘செஜாரா மலாயு’. அவருடைய மகள் வயிற்றுப் பேரர்தான் 1446 அளவில் அரியணை ஏறிய சுல்தான் முசாபர் ஷா. மகன் வழிப் பேரர் துன் முத்தாஹிர் பெண்டஹாரா ஆனார். கடை ‘கெடாய்’ ஆனதும், முதல் ‘மோடால்’ ஆனதும், கப்பல் ‘காப்பால்’ ஆனதும் தமிழரும் மலாய்க்காரரும் நெடுங்காலம் கொண்ட உறவின் சுவடுகள்.

நம் பேராக்குக்கும் இதில் பங்குண்டு. பேராக், மஞ்சோங், புருவாஸ் ஆகிய இடங்கள் மலாக்காவுக்கு ஈயத்தைத் திறையாகச் செலுத்தின. முசாபர் ஷாவின் பெயர் பொறித்த ஈயக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன.

வணிகம் வளர்த்த அரசை நம்பிக்கைக் குலைவு வலுவிழக்கச் செய்தது. இரண்டு பெரும் வணிகர்களின் வழக்கு துன் முத்தாஹிரிடம் வந்தது. அதை ஒட்டி, அவர் அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்ற அவதூறு கிளம்பியது. சுல்தான் மஹ்மூத் ஷா விசாரிக்காமலே 1510-இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார். பொய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1505-இல் கில்வாவைச் சூறையாடிய போர்த்துக்கீசியர், 1511-இல் மலாக்காவையும் பிடித்தனர். மஹ்மூத் ஷாவின் மகன் முசாபர் ஷா 1528-இல் பேராக்கின் முதல் சுல்தானானார். ஆக, ஈயம் அனுப்பிய ஊருக்கு மலாக்காவின் அரச மரபே வந்து சேர்ந்தது.

பிறகும் ஈயம் பலரை இழுத்தது. சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்து ஈயம் வாங்கிய நம் மரைக்காயர்களைத் தடுத்து, அதைத் தாங்களே வாங்க நினைத்த டச்சுக்காரர்கள் 1650-இல் பேராக்குடன் ஒப்பந்தம் செய்தார்கள். ஆனாலும் நம்மவர் வரவு ஓயவில்லை. 1786-க்குப் பின் பினாங்கிலும், ஈயம் வளர்த்த ஈப்போவிலும் கடை வைத்தார்கள். ஈப்போ பாடாங் அருகே 1908-இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் அந்தக் கால உழைப்பின் அடையாளம்.

தோட்டத்துக் கடைகளில் சம்பள நாள்வரை அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்துக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்தவர்கள் நம் பாட்டன்மார். அங்கே காப்பாற்றப்பட்டதும் மலாக்காவில் பத்துப் பேர் கூடி விலை பேசியபோது காப்பாற்றப்பட்டதும் ஒன்றே: சொன்ன சொல். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, கடைகளும் குறைந்துவிட்டன. நம் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்குப் போனாலும், ஓர் அரசையே தாங்கி நின்ற அந்தச் சொத்து அவர்கள் கையிலும் இருக்கட்டும்.