சந்தனப் பொட்டு

குழலின் இடப்பக்கம் மிளகளவில் ஒரு குழி. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த இடம் அது. ஈரச் சந்தனத்தை இரவெல்லாம் விட்டுவைத்து, விஜயதசமியன்று துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி பீரோவுக்குள் வைத்திருக்கிறார்கள். இரும்புக்கு இதைவிடப் பக்தியான தண்டனை கிடையாது.

திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டிய நண்பர் வீட்டு ரிவால்வர். பர்மிங்ஹாமின் வெப்லி அண்ட் ஸ்காட் செய்த மார்க் 4, .32 ரகம். நடுவில் மடக்கினால் ஆறு தோட்டாக்களும் ஒன்றாக மேலெழும். தாத்தா வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்குப் பார்த்தவர். சம்பளப் பணத்தோடு மலையேறத் துணை வேண்டுமென்று 1950களில் மவுண்ட் ரோட்டில் வாங்கினார். ஒருமுறைகூடச் சுட்டதில்லையாம். துரு பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

ஏன் .32? .38, .455 எல்லாம் படைக்கும் போலீசுக்குமான அளவுகள், குடிமக்களுக்குத் தடை. மிச்சமிருந்த .32 இந்தியாவின் வீட்டு ரிவால்வர் ஆயிற்று. பின்னாளில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வரும் இந்த வெப்லியின் சாயல்தான். 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் வரத்துக்குக் கதவடைத்தபின், பர்மிங்ஹாம் சரக்குக்குத் தனி மவுசு.

தாத்தா வாங்கியபோது இருந்தது வெள்ளைக்காரனின் 1878ஆம் ஆண்டுச் சட்டம். 1959இல் இயற்றிய புதுச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அப்பா காலத்தில் லைசென்ஸ் சுமுகமாகக் கைமாறியது. அப்பா போனபிறகுதான் சங்கடம். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசு அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் அனுமதி தருவது போலீஸ் கமிஷனர். தாள் நகர்ந்த மாதங்களில் ரிவால்வர் ஒரு கடையின் பெட்டகத்தில், தோல் உறைக்குள்ளேயே கிடந்தது. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் இருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடற்கரைக் காற்றும் சேர்ந்துகொண்டது. லைசென்ஸ் வந்தபோது ரிவால்வர் செம்மண் நிறத்தில் இருந்தது.

'பாலிஷ் போட்டு நிக்கல் முலாம் பூசிடலாமா?' நண்பர் கேட்டார். புதுப்பேட்டையில் பைக் சைலன்ஸருக்குச் செய்வதுபோல. முடியாது, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். முதலில் மடக்கி, ஆறு அறையும் காலியா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

'பஃபிங் சக்கரத்துல வெச்சா நம்பர் மழுங்கிடும் சார். நம்பர் போனா உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ்.'

வரிசை எண்ணை அழிப்பது சட்டப்படி குற்றம். கூடவே போவது 1813இல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை. அளவுக்கு மீறிய மருந்தை வைத்து வெடித்துப் பார்த்து, உடையாத குழலுக்கு மட்டும் அடிக்கும் முத்திரை அது. பளபளப்புக்காக அதை இழப்பதை நான் அசட்டுத்தனம் என்பேன். இந்த ஊர்க் கோயிலிலேயே உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் பீஷ்மரின் அம்புத் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்ததால் மூலவர் கையில் சக்கரமும் கிடையாது, சங்கு மட்டுமே.

பெரியவரின் கருவி ஓர் ஓட்டைக் காலணா. எண்ணெயில் ஊறவைத்த துருவை அதன் விளிம்பால் சுரண்டினார். வெண்கலம் எஃகைவிட மென்மையானது. துரு மட்டும் உதிரும். மிச்சமிருந்த செந்துருவைக் கொதிநீரில் போட்டார். கறுத்தது. பழங்காலத்தார் துப்பாக்கிக்கு நீலமேற்றியதும் இதே வித்தைதான்: வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, வேகவைத்து, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்க வைப்பார்கள். நீலம் என்பது சாயமில்லை, அடங்கிய துரு.

குழி மட்டும் போகவில்லை. போக்க வேண்டுமானால் குழலையே இழைக்க வேண்டும்.

பீரோவில் இருந்த பழைய தோட்டாக்களையும் பெரியவர் ஓரமாக எடுத்து வைத்தார். 1967 ஜனவரி 12 பற்றிப் பேச்சு வந்தது. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டபின் எம்.ஜி.ஆரை முதலில் கொண்டுவந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத்தான். தோட்டாக்கள் பல வருஷம் இழுப்பறையில் உருண்டு கிடந்தவை, அதனால்தான் வேகமில்லை என்று இன்றும் பேசிக்கொள்வார்கள்.

இப்போது தோல் உறை தனியாக ஆணியில் தொங்குகிறது. ரிவால்வர் மெல்லிய எண்ணெய் தடவிய பருத்தித் துணியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. தேர்தல் அறிவித்தால் மறுபடி ஸ்டேஷன் வாசம். தொட்டவர் கைவியர்வையைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டுமென்று நண்பர் கண்டிப்பு.

போன ஆயுத பூஜையில் அவருடைய அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் பொட்டு லைசென்ஸ் புத்தகத்தின் அட்டையில் விழுந்தது. ரிவால்வர்மேல் ஒரே ஒரு சாமந்தி, அதுவும் துணிக்கு மேல்.