அடுத்த வாரமும் வருகிறவள்: தொலைக்காட்சித் தொடரும் மனநோயும்

தொலைக்காட்சியில் மனநோய் எப்படிக் காட்டப்படுகிறது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் பலர் விடைத்தாள் திருத்துவதுபோல அணுகியிருக்கிறார்கள். அறிகுறிகள் சரியாக இருக்கின்றனவா, மருந்தின் பெயர் சரியா, மருத்துவர் நடந்துகொண்ட முறை சரியா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்த வேலை தேவையானதுதான். ஆனால் பார்வையாளர் ஒரு பாத்திரத்தைத் தன் வீட்டு மனுஷியாக ஏற்றுக்கொள்வதும் இன்னொன்றை வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போவதும் ஏன் என்பதற்கு அதில் விடை இல்லை. என் வாதம் இது: பார்வையாளரை நோயுற்ற பாத்திரத்தோடு பிணைப்பது முதன்மையாகக் காலம். நோய் முற்றிய நேரத்தில் மட்டும் ஒருவரைக் காட்டினால் பயமோ பரிதாபமோ பிறக்கும். நோய் முற்றாத சாதாரண நாட்களிலும் அவரோடு இருக்கவிட்டால் உறவு பிறக்கும். தொடர் என்ற வடிவத்திடம் வேறெந்தக் கலையிடமும் இல்லாத அளவுக்கு இந்தச் சாதாரண நாட்கள் கையிருப்பில் உள்ளன. அவற்றை அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.

நெடுங்காலம் அமெரிக்கத் தொலைக்காட்சி அவற்றை வீணடித்தது. நான்சி சின்யொரெல்லி 1989இல் வெளியிட்ட ஆய்வில், மாலைநேர நாடகங்களில் மனநோயாளிகளாகக் காட்டப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பிறரைக் காயப்படுத்துகிறவர்களாகவோ கொல்கிறவர்களாகவோ இருந்ததைக் கணக்கிட்டுக் காட்டினார். துப்பறியும் கதைக்குக் குற்றவாளி வேண்டும். குற்றத்துக்குக் காரணம் வேண்டும். ‘அவனுக்குப் பைத்தியம்’ என்றால் காரணம் சொல்லும் சிரமமே இல்லை. ஒரே எபிசோடில் வந்து, கத்தி தூக்கி, பிடிபட்டு மறையும் அந்த மனிதருக்கு அம்மா இருந்தாரா, அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்டதில்லை.

எதிர்த் திசையில் நடந்த ஒரு முயற்சியைச் சற்று நின்று பார்க்கலாம். பிபிசி 1985 பிப்ரவரி 19 முதல் ஒளிபரப்பிவரும் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ கிழக்கு லண்டனில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட வால்ஃபோர்டு என்ற பகுதியின் கதை. ஒரு சதுக்கம், ஒரு மதுக்கூடம், ஒரு சந்தை, சில குடும்பங்கள்; அவ்வளவுதான் அதன் உலகம். 1990களின் நடுவிலேயே ஜோ விக்ஸ் என்ற இளைஞன் வழியாக மனச்சிதைவு நோயை அது பேசியது. ஆனால் என் வாதத்துக்கு நெருக்கமானவர்கள் ஸ்லேட்டர் குடும்பத்துத் தாயும் மகளும்தான். தாய் ஜீன், மகள் ஸ்டேஸி. ஜீனாக கில்லியன் ரைட்டும் ஸ்டேஸியாக லேசி டர்னரும் நடித்தார்கள்.

ஸ்டேஸி 2004இல் தொடருக்குள் வருகிறாள். வாய்த்துடுக்கும் முரட்டுத்தனமும் கொண்ட பதின்வயதுப் பெண். அவள் அம்மாவுக்கு இருமுனை மனநோய் என்பது மெல்ல மெல்லத்தான் தெரியவருகிறது. அம்மாவைக் கவனித்தே வளர்ந்தவள் என்பதால்தான் அந்த வயதுக்கு மீறிய கடுமை அவளிடம் இருக்கிறது என்பதும் அப்போதுதான் புரிகிறது. 2009இல் ஸ்டேஸிக்கே அந்த நோய் வருகிறது. அவள் அதை ஏற்க மறுக்கிறாள். ஒரு திரைப்படமாக இருந்தால் இந்த மறுப்பை விளக்க ஒரு வசனம் எழுத வேண்டியிருக்கும். இங்கே வசனமே தேவைப்படவில்லை. அம்மா பட்ட பாட்டை அந்த மகள் பார்த்ததை, நாமும் கூடவே இருந்து ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறோம். ‘அம்மாவைப் போல ஆகிவிடுவேனோ’ என்ற அவளுடைய அச்சம் பார்வையாளரின் நினைவிலேயே சேமிப்பில் இருக்கிறது. பெற்றோர் ஒருவருக்கு மனநோய் உள்ள எந்த வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த அச்சம் அது. தூக்கம் கெட்ட ஓர் இரவுக்குப் பிறகு, எல்லை மீறிக் கோபப்பட்ட ஒரு நாளுக்குப் பிறகு, தன்னைத் தானே உற்றுப் பார்த்துக்கொள்ளும் அச்சம்.

ஜீனைப் பற்றி இன்னொன்று. இந்தத் தொடரைப் பார்ப்பவர்களிடம் ஜீன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மதுக்கூடச் சமையலறையில் அவர் செய்யும் ‘சாசேஜ் சர்ப்ரைஸ்’ என்ற பண்டம். கொஞ்சம் அசட்டுத்தனம், நிறைய பாசம், இடம்பொருள் தெரியாத வெள்ளந்திப் பேச்சு, கூடவே அந்தச் சமையல். நோய் அவரிடம் இருக்கிறது. அவர் நோயாக இல்லை. 2022இல் அவருக்கு நோய் மீண்டும் முற்றியபோது, உற்சாகம் கரைகடந்து ஓடிய அந்த வாரங்களில், பார்வையாளர்கள் அதை ஒரு ‘நோயாளி’யின் நடத்தையாகப் பார்க்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஜீன் எங்கே போய்விட்டார் என்று தேடும் நிலையில் இருந்தார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் மீளும்போது வீட்டார் நிற்கும் இடமும் அதுதான். எந்த மருத்துவக் கையேடும் ஒரு வெளியாளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

2016இன் தொடக்கத்தில் ஒளிபரப்பான கதை மேலும் துணிச்சலானது. குழந்தை பெற்ற ஸ்டேஸிக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு ஏற்படுகிறது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் காணப்படும் இந்த நோய், இருமுனை மனநோய் உள்ள பெண்களுக்கு வரும் வாய்ப்பு மிக அதிகம். பிறந்த ஆர்தர் கடவுளின் மகன் என்று நம்பும் ஸ்டேஸி, அவனைத் தூக்கிக்கொண்டு மதுக்கூடத்தின் கூரைமேல் ஏறி நிற்கிறாள். தனியே எடுத்துப் பார்த்தால் இது பழைய ‘அபாயகரமான பைத்தியம்’ காட்சிதான். அப்படித் தோன்றாததற்குக் காரணம், கூரையில் நிற்பது யார் என்று நமக்குத் தெரியும் என்பதே. குழந்தையைக் காப்பாற்றத்தான் அவள் அங்கே ஏறியிருக்கிறாள் என்பதும் தெரியும். கூரையோடு கதை முடியவும் இல்லை. மருத்துவமனை, குழந்தையைப் பிரிந்திருக்கும் வேதனை, வீடு திரும்பிய பின் எல்லாரும் தன்னைத் தனியே குழந்தையோடு விடத் தயங்குவதைக் கவனித்துவிடும் அவமானம் என்று அடுத்தடுத்த வாரங்களில் அது நீண்டது. மனநலத் தொண்டு அமைப்பான ‘மைண்ட்’ இக்கதைக்கு ஆலோசனை வழங்கியது. துல்லியம் அங்கிருந்து வந்தது. ஒட்டுதல் பல ஆண்டுப் பழக்கத்திலிருந்து வந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதுவும் இதே பாத்திரத்திலிருந்து. 2010 பிப்ரவரி 19 அன்று, தொடரின் 25ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி நேரலையாக ஒளிபரப்பான எபிசோடில், ஆர்ச்சி மிட்செலைக் கொன்றது ஸ்டேஸிதான் என்று வெளிப்பட்டது. நோய் கண்டறியப்பட்ட சில மாதங்களிலேயே அவளைக் கொலைகாரி ஆக்கிவிட்டார்கள். ஆர்ச்சி அவளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவன். கொலைக்குக் கதை சொல்லும் காரணமும் அதுதான். இருந்தாலும் சின்யொரெல்லியின் கணக்குப்படி இதுவும் இன்னொரு ‘கொல்லும் மனநோயாளி’. உச்சக்கட்டத்துக்காக எதையும் விலையாகக் கொடுக்கும் பசி தொடரின் பிறவிக் குணம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த முடிவு தவறு என்றே கருதுகிறேன். ஆனால் அந்தத் தவறைத் தாங்கி மீளும் வலுவும் காலத்திடம்தான் இருந்தது. 2010இல் வெளியேறிய ஸ்டேஸி 2014இல் திரும்பி வந்தாள், தண்டனையைச் சந்தித்தாள், மறுபடி வேலைக்குப் போனாள், காதலித்தாள், பிள்ளை பெற்றாள். கொலை அவள் வாழ்க்கையின் கடைசி வரியாக நிற்கவில்லை.

இந்த ஒட்டுதலின் இயக்கம் என்ன? டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே ஒரு கட்டுரையில் இதற்கு அடித்தளம் போட்டார்கள். திரையில் தோன்றும் ஒருவரோடு பார்வையாளர் முகத்துக்கு முகம் பழகியதுபோன்ற உறவை வளர்த்துக்கொள்கிறார் என்பது அவர்கள் கண்டது. அந்தக் கட்டுரை வெளியானது ஓர் உளமருத்துவ இதழில் என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஒதுக்கப்பட்ட குழுவினரோடு நேரில் பழகினால் முன்முடிவுகள் தளரும் என்ற கருத்தைத் திரைவழிப் பழக்கத்துக்கும் நீட்டினார்கள் எட்வர்ட் ஷியாப்பாவும் அவருடைய கூட்டாய்வாளர்களும், 2005இல். பேட்ரிக் காரிகன் குழுவினர் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரியவர்களிடம் களங்க உணர்வைக் குறைப்பதில் தகவல் போதனையைவிட நோயோடு வாழ்பவர்களின் அறிமுகம் கூடுதலாகப் பயன்படுகிறது என்றும், காணொளியைவிட நேரடிச் சந்திப்பு வலிமையானது என்றும் கண்டார்கள். கடைசிப் பகுதியைத் தொலைக்காட்சிக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சில நிமிட விழிப்புணர்வுப் படத்தையும், வாரத்துக்கு நான்கு முறை ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் வரும் ஒரு பாத்திரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பார்வையாளர் தன்னைப் போன்றவரோடுதான் ஒன்றுகிறார் என்ற எளிய விளக்கமும் போதாது. 1999 முதல் 2007 வரை 86 எபிசோட்கள் ஓடிய ‘தி சொப்ரானோஸ்’ தொடரின் நாயகன் டோனி ஒரு மாஃபியாத் தலைவன், கொலைகாரன். முதல் எபிசோடிலேயே, அவன் வீட்டு நீச்சல்குளத்தில் தங்கியிருந்த வாத்துகள் குஞ்சுகளோடு பறந்துபோவதைப் பார்த்து மூச்சடைத்துக் கீழே விழுகிறான். உளமருத்துவர் மெல்ஃபியின் அறைக்குப் போகிறான். போவதைக் கூட்டாளிகளிடம் மறைக்கிறான். அவனுடைய தொழில் நமக்கு இல்லை. அந்த மறைப்பு நமக்கு உண்டு. உள்ளூரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பேருந்து ஏறி வேறு ஊர் மருத்துவரிடம் போகும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! ஆண்டுக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் டோனி குணமாகவில்லை. ‘ஒரு அழுகை, ஒரு உண்மை, உடனே விடுதலை’ என்ற பொய்யை அந்தத் தொடர் சொல்ல மறுத்தது. அதன் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

ஒட்டுதல் எப்போதும் நன்மை என்றும் சொல்லிவிட முடியாது. 2017 மார்ச் 31 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ இதற்குச் சான்று. தற்கொலை செய்துகொண்ட மாணவி விட்டுச்சென்ற ஒலிநாடாக்களே கதை. அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரின் தற்கொலை விகிதம் எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தது என்று 2019இல் ஓர் ஆய்வு கூறியது. அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. தற்கொலையைக் காட்டிய, சர்ச்சைக்குரிய காட்சியை நிறுவனம் 2019 ஜூலையில் நீக்கியது. தரவு பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும், கதையின் கட்டமைப்பு பற்றி எனக்கு ஐயமில்லை. இறந்தவள் கதை முழுக்கப் பேசுகிறாள், எல்லாரும் கேட்கிறார்கள், உயிரோடிருந்தபோது கிடைக்காத கவனம் சாவுக்குப் பின் கிடைக்கிறது. சாவுக்குப் பிறகு எதுவுமே இல்லை என்ற உண்மையை அந்த வடிவம் மறைத்துவிடுகிறது. இளம் மனம் ஒன்றுவதற்கு அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை.

இனி நம் வீட்டுத் திரை. தமிழில் மனநோயை மையத்தில் வைத்த தொடர்களுள் முன்னோடி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத நாகா இயக்கி, 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்: விடாது கருப்பு’. ஊரில் விழும் கொலைகள் கருப்புசாமியின் தண்டனை என்று மக்கள் நம்புகிறார்கள். அவிழ்ந்து வரும் விடையோ ஒரு மனிதனுக்குள் பிளவுண்ட இன்னோர் ஆளுமை. சாமியாட்டத்தையும் உளவியலையும் ஒரே களத்தில் நிறுத்தி, கிராமத்து நம்பிக்கையைக் கேலி செய்யாமல் நடத்திய அந்தத் தொடரை இன்றும் மதிக்கிறேன். ஆயினும் அங்கே நோய் என்பது புதிரின் விடை. விடை தெரிந்ததும் புதிர் முடிகிறது. கண்டறியப்பட்ட மறுநாள் காலையில்தான் ஒரு நோயாளியின், ஒரு குடும்பத்தின் உண்மையான கதை தொடங்குகிறது. அந்தக் காலை நமக்குக் காட்டப்படவில்லை. 2005இல் வந்த ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ ஆகிய படங்களும் இதே வாசலில் நின்றுவிட்டன. மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டிய படத்துக்கு அது மன்னிக்கத்தக்கது.

நெடுந்தொடருக்கு அந்த மன்னிப்பு கிடையாது. ‘கோலங்கள்’ 1,500 எபிசோட்களைத் தாண்டி ஓடியது. உலகில் மிகச் சில கதை மரபுகளுக்கே இவ்வளவு நேரம் வாய்த்திருக்கிறது. நம் தொடர்களில் மனநோய் வரும் சந்தர்ப்பங்களை எண்ணிப் பாருங்கள்: கொடுமைக்காரிக்குக் கடைசி வாரத்தில் கிடைக்கும் தண்டனையாக, சொத்துக்காக நல்லவளை அடைத்துவைக்கும் மனநல மருத்துவமனையாக, எதிரியை ஏமாற்ற நாயகி போடும் வேடமாக, தலையில் அடிபட்டுப் போய், இன்னோர் அடியில் திரும்பிவரும் நினைவாக. மாத்திரையால் உடம்பு பருத்துவிட்டதே என்று கண்ணாடிமுன் வருந்தும் மருமகளை, கல்யாணப் பேச்சு வரும்போது தங்கையின் நோயைச் சொல்வதா மறைப்பதா என்று தவிக்கும் அண்ணனை, நன்றாக இருக்கிற மாதங்களில் அலுவலகம் போய்ச் சம்பளம் வாங்கும் நோயாளியை நாம் பார்க்கவில்லை. குடும்பத்தைப் பற்றியே ஓயாமல் பேசும் தொடர்கள், மனநோயின் பெரும்பாரத்தைச் சுமப்பது குடும்பம்தான் என்பதைக் கவனிக்கத் தவறியது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதன் விலை சிறியதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அந்தக் கருகிய கூரையைச் செய்திகளில் நாடே பார்த்தது. அவர்களில் ஒருவருடைய ஒரு சாதாரண நாள் எப்படி இருந்தது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறாமலே இருப்பதைக் கண்டது. வசதிக் குறைவு அதற்குப் பெரிய காரணம். வெளியே தெரிந்தால் என்னாகும் என்ற பயமும் ஒரு காரணம். அந்தப் பயத்துக்குத் தீனி போடுவதில் மாலைநேரத் தொடர்களுக்குப் பங்கு உண்டு.

ஊடகத் துறை மாணவர்களும் ஆய்வாளர்களும் தமிழ்த் தொடர்களில் மனநோய் எந்த வாரத்தில் வருகிறது, எத்தனை எபிசோட்கள் நீடிக்கிறது, அதற்குப் பின் அந்தப் பாத்திரம் கதையில் இருக்கிறதா என்று எண்ணத் தொடங்க வேண்டும். சின்யொரெல்லி செய்ததைப் போன்ற முறையான, நீண்டகாலக் கணக்கெடுப்பு நமக்கும் வேண்டும். தொடர் எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றே: நோயுற்ற ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகும் அவருக்கு நூறு எபிசோட்கள் கொடுங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் சமைக்கட்டும், சண்டை போடட்டும், வேலைக்குப் போகட்டும்.