அக்கரையில் நின்ற பெற்றோர்

தமிழர் மலாயாவில் குடியேறிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கப்பலேறியவர்களின் கதையையே எழுதுகின்றனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கரையோடு நின்றுவிட்டவர்களின் கதை அதனுள் மறைந்து போகிறது. அப்படி நின்றவர்களுள் வயது முதிர்ந்த தாய் தந்தையர் எத்தனையோ பேர். பிள்ளைகள் அவர்களைத் தம்முடன் அழைத்துக்கொள்ளாதது ஏன்? அக்கரைக்குப் போனவனுக்குப் பெற்றவள் நினைவு எங்கே இருக்கும் என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிட்டனர். அச்சொல் நியாயமானதா என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

மலாயாத் தோட்டங்கள் தமிழரை அழைத்தது அன்பினால் அன்று, ஆள் தேவையினால். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின் கங்காணி முறையே ஓங்கி நின்றது. துரை கொடுத்த பணத்துடன் கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரிடையே ஆள் திரட்டினான். 1907-இல் சட்டமாக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் பணம் தண்டி வழிச்செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கியபின் ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி இயங்கியது: இவனால் வேலை செய்ய முடியுமா? அறுபது வயதுத் தாய்க்கு அக்கேள்வியில் இடமேது?

வியப்பு யாதெனில், சட்டம் அவளை மறந்துவிடவில்லை. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், குடிபெயர்வோரைச் சார்ந்தவர் யாவர் என்று வரையறுக்கையில், பெண்டிர் பிள்ளைகளோடு முதுமையுற்ற உறவினரையும் உடல் வலியிழந்த உறவினரையும் சேர்த்தே கூறியது. காகிதத்தில் அவளுக்கு இடம் இருந்தது, லயத்தில் இல்லை. 1920-களின் இறுதியில் பல தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெரட்டுக்கு வராத நாளுக்குக் கூலியில்லை. கணவனும் மனைவியும் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனால்தான் அடுப்பு எரியும். அந்த ஒற்றை அறையில், அந்தக் கூலியில், உழைக்க இயலாத இன்னொரு வயிற்றை எப்படிச் சேர்ப்பது?

மேலும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தோட்டத்திலேயே உழைத்து முதுமையாலும் நோயாலும் தளர்ந்த தொழிலாளரையும், குடியேற்ற நிதியின் செலவில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. ரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். தன்னிடம் உழைத்துத் தேய்ந்தவனையே வைத்துக்கொள்ளாத ஏற்பாடு, அவனைப் பெற்றவளை வரவேற்றிருக்குமா? ஆகவே ஊரார் சொன்ன பழி முழுதும் பிள்ளைகளுடையதன்று.

பெற்றோரை அழைக்க முடியாதவர் மணியார்டர் அனுப்பினர். கடலுக்கு இரு கரையிலும் பிரிந்து கிடந்த குடும்பத்தைப் பல்லாண்டுகள் கட்டி வைத்தது அந்தத் தபால் நூலே. அதுவும் அறுந்தது. 1938-இல் இந்திய சர்க்கார், பயிற்சியற்ற தொழிலாளரைப் பிறர் உதவியுடன் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் புகுந்தனர். 1945 வரை கடிதமும் பணமும் வழக்கம்போல் கடல் கடக்க வழியில்லை. அவ்வாண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. மகன் காட்டில் மாண்டதை அறியாமல் தபால்காரனை எதிர்பார்த்திருந்த தாய்மாரும், தாய் மறைந்ததைப் போர் முடிந்த பின்னரே கேட்ட மக்களும் நம்மிடையே இருந்தனர்.

சமாதானம் வந்தபின் கப்பல்கள் மீண்டும் ஓடின. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா 1970-களின் தொடக்கம் வரை தமிழரை ஏற்றி இறக்கிற்று. ஆயினும் 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் கதவை ஒடுக்கியது. 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. அதனால் மலேசியத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. முன்பு பெற்றோரை விட்டுப் பிள்ளைகள் வந்தனர். இப்போது பிள்ளைகளை விட்டுப் பெற்றோர் போயினர்.

இன்றும் அந்தப் பழைய அளவுகோல் உருமாறி நிற்கிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதியுடன் வாழும் அயல்நாட்டவர் தம் பெற்றோரை நீண்டகால அனுமதியில் அழைத்துக்கொள்ள, 2018 முதல், மாதச் சம்பளம் 12,000 வெள்ளிக்குக் குறையாதிருக்க வேண்டும். மறுபுறம், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத, அறுபது வயது கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம் என்று 1995-இல் சிங்கப்பூர் சட்டம் இயற்றியது. 2007-இல் இந்தியாவும் இவ்வகைச் சட்டம் செய்தது. இவை தேவையான சட்டங்களே. ஆனால் சட்டம் சோற்றுக்கு வழி செய்யும். பேச்சுத் துணைக்கு வழி செய்யாது.

சர்க்காரைக் குறை கூறுவதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாகாது. துரை நம்மை அளந்த கோலால் நாமே நம் பெற்றோரை அளக்கிறோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கும்போது தாய்க்குக் கடிதம் போகிறது. பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், ஊர்க் காற்றுத்தான் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் அம்மா என்று திரும்புவதற்குச் சீட்டு வாங்கப்படுகிறது. வேலையிருக்கும்வரை வைத்துக்கொண்டு, வேலை தீர்ந்ததும் அனுப்பும் இம்முறைக்கும் தோட்டத்து முறைக்கும் வேறுபாடு என்ன? உயிரோடிருக்கையில் ஒரு மாதம் உடன் வைத்துக்கொள்ளாத தாய்க்கு, இறந்தபின் கடன் வாங்கிக் கருமாதி விருந்திடுவதால் யாருக்கு என்ன பயன்?

அழைத்து வருவதே எல்லோர்க்கும் ஏற்ற வழியென்றும் நாம் கூறவில்லை. பன்னிரண்டாம் மாடியில் அடைபட்டு, பேச ஆளின்றி, பகலெல்லாம் கதவைப் பார்த்திருப்பதைவிடத் தம் ஊர்த் திண்ணையே மேலென்று கருதும் முதியோர் உண்டு. அவர்கள் அங்கே மானத்தோடு வாழ வகை செய்வதும் பிள்ளைகளின் கடமையே. எவ்வழியாயினும், முடிவு செய்யுமுன் அவர்களைக் கேட்க வேண்டும். கங்காணி கேட்கவில்லை, கப்பல்காரன் கேட்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளைகளாவது கேட்போமாக.