தம்போயும் கீழ்ப்பாக்கமும்

ஜொகூர் பாருவில் ஒருவரைச் சீண்ட 'தம்போய்' என்ற ஊர்ப்பெயர் போதும், சென்னையில் 'கீழ்ப்பாக்கம்'. தம்போயில் இருப்பது 1937இல் திறந்த பெர்மாய் மனநல மருத்துவமனை. கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794இல் தொடங்கிய மனநோய்க் காப்பகத்தின் வழிவந்தது. வசவு ஒன்றுதான். பணம் யார் கட்டுவது என்பதில்தான் இரண்டு ஊரும் பிரிகின்றன.

இந்தியாவின் 2017 மனநலச் சட்டம், 21(4) பிரிவில், உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தும் நிறுவனங்கள் இழுத்தடித்தன. 2021இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் அவற்றைக் கண்டித்தது. மலேசியாவின் 2001 மனநலச் சட்டத்தில் காப்புறுதி பற்றி இப்படியொரு கட்டளை இல்லை. அதனால் 'மெடிக்கல் கார்டு' வைத்திருப்பவர், விலக்குப் பட்டியலின் பொடி எழுத்தைப் பெரும்பாலும் நோய் வந்த பிறகே படிக்கிறார். புதிதாக மனநலத்துக்கென்று கூடுதல் திட்டங்கள் வந்திருக்கின்றன; அதற்குக் கூடுதல் சந்தாவும் உண்டு.

இதை வைத்துத் தமிழ்நாட்டுக்காரருக்கு வசதி அதிகம் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 'அதே அடிப்படை' என்ற சொல்லில்தான் சிக்கல். காய்ச்சலுக்கு ஓபி சீட்டு வாங்கினால் காப்பீடு வராது, படுக்கையில் சேர்ந்தால்தான் வரும். மனச்சோர்வுக்காரர் படுக்கையில் சேர்வது அபூர்வம். அவருக்கு வேண்டியது ஒரு நாற்காலி, எதிரே கேட்கத் தெரிந்த ஒருவர், வாரம் ஒரு மணி நேரம். அந்த மணி நேரத்துக்குச் சட்டத்தில் சமத்துவம் கிடைத்தும் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடைக்கவில்லை.

ஜொகூரில் அந்த நாற்காலி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி. காப்புறுதியே தேவையில்லை! ஆனால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கவேண்டும். தமிழில் மட்டுமே மனம் திறக்கத் தெரிந்த தோட்டத்துப் பாட்டிக்குத் தமிழ் கேட்கும் காது கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். காத்திருக்க முடியாதவர் தனியாரிடம் போகிறார்.

அங்கேதான் இரண்டு ஊரும் மறுபடி சேர்கின்றன. பாலிசி படிவத்தில் 'முன்பு மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டால் சந்தா ஏறலாம், விண்ணப்பமே திரும்பலாம். மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023 வரை குற்றமாகவும் இருந்தது. பதிவேட்டைக் கண்டாலே அஞ்சும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. மனநல ஆலோசனைச் செலவுக்கு 1,000 வெள்ளி வரை வருமான வரிச் சலுகை உண்டுதான். அதற்கு ரசீது வேண்டும். ரொக்கமாகக் கட்டுகிறவர் விட்டுப்போக நினைப்பது அந்த ரசீதைத்தானே?